தரையைத் தொட்டால் பயணம் முடிந்ததா?

(பத்தாம் வகுப்பு மாணவி, கிளிஞ்சல்மேடு)

நடுக்கடலில் கவிழாத படகு, கரைக்கு ஐம்பதடி தூரத்தில் கவிழ்வதை எங்கள் கிளிஞ்சல்மேட்டில் கண்டிருக்கிறேன். பின்னால் வரும் அலையில் படகின் முனை சற்றே திரும்பினாலும் போதும். படகு அலைக்குக் குறுக்கே விழுந்து கவிழ்ந்துவிடும். என் தந்தையின் படகும் ஒருமுறை அப்படிக் கவிழ்ந்தது. "கரை வந்துவிட்டதென்று கொஞ்சம் அசந்துவிட்டேன்" என்றார் அப்பா. சிறு விமானம் தரையிறங்கும்போதும் இத்தகைய ஆபத்து உண்டு என்று படித்தபோது வியந்தேன்.

டாக்டர் வி. எம். காட்கே தலைமையில் பெங்களூரில் உருவான எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானம் 1951-இல் முதன்முதலில் பறந்தது. 1958-இல் அங்கேயே 'புஷ்பக்' பறந்தது. நம் நாட்டினர் பலர் இவற்றில்தான் பறக்கக் கற்றனர். இரண்டிற்கும் முன்புறம் இரு பெரிய சக்கரங்கள். வாலில் ஒரு சிறு சக்கரம்.

இவ்வமைப்பில் விமானத்தின் ஈர்ப்பு மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. பொம்மை வண்டியொன்றைக் கயிறு கட்டி இழுத்துப் பாருங்கள், நேராக வரும். அதையே பின்னாலிருந்து ஒரு கோலால் தள்ளுங்கள். சற்றுக் கோணினாலும் பக்கவாட்டில் திரும்பிவிடும். அதுபோல, ஓடும் விமானத்தின் முனை சிறிது திரும்பினால், பின்னாலுள்ள எடை நிலைமத்தால் நேரே செல்ல முயன்று, அத்திருப்பத்தை மேலும் வளர்க்கிறது. முடிவில் விமானம் தரையிலேயே சுழலும். இறக்கை உராயலாம், சக்கரத் தாங்கி முறியலாம். இதனைக் 'கிரவுண்ட் லூப்' என்பர்.

பக்கக் காற்று வாலை ஒதுக்கித் திருப்பத்தைத் தொடங்கிவைக்கும். வாலிலுள்ள சுக்கான் அதைத் தடுக்கும். ஆனால் வேகம் குறையக் குறைய, சுக்கானின் மீது படும் காற்றும் குறைந்து, அதன் வலிமை குன்றும். ஆகவே, தரையைத் தொட்ட பின்னரும் ஆபத்து நீங்குவதில்லை!

இதற்கு வழி என்ன? பக்கவாட்டில் நகராமல், ஓடுதளத்திற்கு நேராக இறங்க வேண்டும். சுக்கான் மிதிகளை உடனுக்குடன், சிறிது சிறிதாக மிதிக்க வேண்டும். தாமதித்துப் பலமாக மிதித்தால் விமானம் மறுபக்கம் திரும்பிவிடும். இறங்குமுன் காற்று ஒதுக்கினால், மீண்டும் மேலெழும்பிச் சுற்றி வருவதே அறிவுடைமை.

புகழ்பெற்ற விமானி அமேலியா ஏர்ஹார்ட்டின் விமானம்கூட, 1937 மார்ச் 20 அன்று ஹொனலூலுவில் மேலெழ ஓடும்போது இப்படிச் சுழன்று சேதமடைந்தது. எவருக்கும் காயமில்லை. அதைப் பழுதுபார்த்து, அவ்வாண்டே மீண்டும் புறப்பட்டு, கராச்சி, கல்கத்தா வழியாகப் பறந்தார்.

1977-இல் பெங்களூரில் பறந்த எச்.பி.டி.-32 விமானத்திற்கு மூக்கில் சக்கரம் உண்டு. ஈர்ப்பு மையம் பெரிய சக்கரங்களுக்கு முன்னால் அமைவதால், சிறு திருப்பம் தானே நேராகும். ஆயினும் பலத்த பக்கக் காற்றில் அதற்கும் விழிப்புத் தேவை.

விமானி ஆவதே என் ஆசை. அப்பாவிடம் இக்கட்டுரையைப் படித்துக் காட்டினேன். "நிற்கிற வரைக்கும் மிதியிலிருந்து காலை எடுக்கக் கூடாது, அவ்வளவுதானேம்மா?" என்றார்.

ஆம் தோழியரே! நிற்கும்வரை பயணம் முடிவதில்லை.