கனத்தைப் பார்த்து வாங்காதீர்: பிளாஸ்டிக்கில் கலக்கும் கார்பன் நானோ குழாய்



டிரம், பக்கெட், கிரேட், சாக்கு என்று பிளாஸ்டிக் இல்லாமல் நம் கடை ஒரு நாளும் ஓடாது. இவற்றில் வெறும் பிளாஸ்டிக் மட்டும் இருப்பதில்லை. உள்ளே சேர்க்கும் தூளுக்கு ஃபில்லர் என்று பெயர். கலப்படம் என்றாலே முகம் சுளிக்கும் நாம், ஃபில்லர் எல்லாமே ஏமாற்று என்று எண்ணிவிடக் கூடாது. சுவருக்கு மண் குழைக்கும்போது வைக்கோல் சேர்ப்பது கலப்படமா? சுவர் வெடிக்காமல் இருக்கத்தானே!

ஃபில்லர் இரண்டு நோக்கத்தில் சேர்க்கப்படுகிறது. ஒன்று, விலையைக் குறைக்க. சுண்ணாம்புக்கல் தூள் பெரும்பாலும் இதற்கே. மற்றொன்று, பலம் கூட்ட. டயர் ரப்பரில் சேரும் கார்பன் பிளாக் என்னும் கரித்தூள் இவ்வகை. இந்த இரண்டாம் வரிசையில் வந்ததே கார்பன் நானோ குழாய்.

1991-ல் ஜப்பானில் என்.இ.சி. நிறுவன ஆய்வாளர் சுமியோ இஜிமா இதைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகே உலகின் கவனம் இதன் பக்கம் திரும்பியது. கார்பன் அணுக்களால் பின்னிய வலையைப் பாய் போலச் சுருட்டினால் எப்படியோ, அப்படிப்பட்ட குழாய் இது. நம் தலைமுடியை விட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லியது. எடையில் எஃகின் நாலில் ஒரு பங்குதான். விறைப்பிலோ சுமார் ஐந்து மடங்கு. 1994-லேயே கேரளத்தில் பிறந்த விஞ்ஞானி புலிக்கல் அஜயனும் உடன் பணியாற்றியோரும் இதை எபாக்சி பிசினில் கலந்து ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள்.

அப்படியானால் இதைக் கலந்த பிளாஸ்டிக்கும் எஃகு போல ஆகிவிடுமா? ஆகாது. காரணம் இரண்டு. முதலாவது, இந்தக் குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் குணமுடையவை. கரைத்த கடலை மாவில் கட்டி தட்டினால் பஜ்ஜி எப்படிக் கெடுமோ, அப்படித்தான் இதுவும். கட்டி இருக்கும் இடத்தில்தான் பொருள் முதலில் விரியும். இரண்டாவது, பிளாஸ்டிக் அந்தக் குழாயை இறுகப் பிடிக்க வேண்டும். பிடிப்பு இல்லையென்றால் பாரம் ஏறும்போது குழாய் உருவிக்கொண்டு வந்துவிடும். ஆக, சரக்கு உயர்ந்தது என்பது மட்டும் போதாது. கலக்கும் கைதான் பலத்தைத் தீர்மானிக்கிறது.

பலத்தைக் காட்டிலும் இது நன்கு கைகொடுத்த இடம் மின்சாரம். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சேர்த்தாலே பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தும். கரித்தூள் என்றால் இதைவிடப் பல மடங்கு வேண்டும். உராய்வினால் சேரும் மின்சாரம் பொறியாக வெடிக்காமலிருக்க, கார்களின் பெட்ரோல் குழாய்களில் இப்படிப்பட்ட பிளாஸ்டிக் பயன்பட்டது.

எச்சரிக்கையும் உண்டு. நீளமான ஒருவகை நானோ குழாயை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2014-ல் சேர்த்தது. தூளாக மூச்சில் போவதே முக்கிய ஆபத்து. தூளைக் கையாளும் தொழிலாளிக்கு முகக்கவசம் கட்டாயம்.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. கனமான பக்கெட் நல்ல பக்கெட் என்று எண்ண வேண்டாம். சுண்ணாம்புக்கல் தூள், பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்கைப் போல மூன்று மடங்கு கனமுள்ளது. எடைக்கு விலை கொடுத்தால் கல்லுக்கு விலை கொடுத்தவராவோம்.

2. 'நானோ' என்று சொல்லி விலை கூட்டினால், எந்தப் பொருள், எத்தனை சதவீதம், எவ்வளவு பாரம் தாங்கும் என்று சோதனைச் சான்றைக் கேளுங்கள்.

3. சான்று இல்லையேல் சாதாரணச் சரக்கின் விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

பெயரைப் பார்த்து வாங்கினால் நஷ்டம் நமக்கு. விவரம் கேட்டு வாங்கினால் லாபம் நமக்கும் வாடிக்கையாளருக்கும்.