டோட்டல் ஏன் இடிக்குது?

பவர் பிஐ-யில் ரிப்போர்ட் போடும் எல்லோரும் ஒருநாள் கேட்கிற கேள்வி இது: "மேலே வரிகளெல்லாம் சரியா இருக்கு, அடியில் டோட்டல் மட்டும் ஏன் இடிக்குது?"

நாம் எக்ஸல் பழக்கத்தில் மேலே உள்ள எண்களைக் கூட்டித்தான் அடியில் போடுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அதுதான் இல்லை! மெஷர் என்பது ஒரு சூத்திரம். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கட்டத்துக்கு உரிய பதிவுகளை மட்டும் வடிகட்டி, புதிதாகக் கணக்குப் போடும். டோட்டல் கட்டத்தில் பொருள்வாரியான வடிகட்டல் கிடையாது. எல்லாப் பதிவுகளையும் எடுத்துக்கொண்டு அதே சூத்திரம் இன்னொரு தடவை ஓடும்.

கேன்டீன் கணக்கையே பார்ப்போமே. டீ 40, விலை 12 ரூபாய். வடை 30, விலை 10 ரூபாய். மெஷரை இப்படி எழுதுகிறோம்:

சம்(விற்பனை[அளவு]) * சம்(விற்பனை[விலை])

டீ வரியில் 480, வடை வரியில் 300. ரொம்பச் சரி. மொத்தம் 780 வரணும்; வருவதோ 1,540! அளவு 70, விலை 22 என்று தனித்தனியே கூட்டிப் பெருக்கிவிட்டது. மறுநாள் இன்னொரு 20 டீ பதிவானால் டீ வரியே கெட்டுப்போகும். அளவு 60, விலை 24, ஆக 1,440. உண்மையில் 720தான். இதை நம்பிப் பால் வாங்குகிறவர் கதி என்ன?

பெருக்கல் முதலில், கூட்டல் பிறகு. அதற்குத்தான் சம்எக்ஸ்:

சம்எக்ஸ்(விற்பனை, விற்பனை[அளவு] * விற்பனை[விலை])

பதிவு பதிவாகப் போய்ப் பெருக்கி, கடைசியில் கூட்டும். (ஃபங்ஷன் பெயரை மெஷினில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்கணும்.) 'தொகை' என்று தனிக் காலமே போட்டு அதற்கு சம் கொடுத்தாலும் விடை வரும். ஆனால் அந்தக் காலம் மெமரியில் இடம் பிடிக்கும். லட்சக்கணக்கில் பதிவு இருந்தால் ஃபைல் வீங்கும்.

இடிக்கிற டோட்டல் எல்லாமே தப்பு என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று டிஸ்டிங்ட்கவுண்ட் போட்டால், டீக்கு 35 பேர், வடைக்கு 25 பேர், மொத்தம் 48 என்று வரலாம். வைவாவில் எக்ஸ்டர்னல் இதைக் காட்டி மடக்கினால் தைரியமாகச் சொல்லுங்கள்: "சார், 12 பேர் ரெண்டும் சாப்பிட்டிருக்காங்க!"