ஜாம்பி வந்தா யார் லீடர்? ஒரு சர்வைவல் பாடம்



ஒரு சீன் யோசிச்சுப் பாருங்க. மூணாவது மாடி லேப். வைவாவுக்கு பயந்து கைல ரெக்கார்டோட நிக்கிறீங்க. திடீர்னு கேண்டீன் பக்கம் ஒரு அலறல். ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா, ஒரு சீனியர் இன்னொரு சீனியரைக் கடிச்சிட்டு இருக்கார். (அரியர் விரக்தி இல்லைங்க, நிஜமாவே கடிக்கிறார்.) யாரோ ஓடிப் போய் லேப் கதவைச் சாத்துறாங்க. உள்ளே 12 பேர். எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறாங்க. கடைசியா எல்லாப் பார்வையும் உங்க மேல வந்து நிக்குது.

இப்போ என்ன பண்ணுவீங்க?

"இதெல்லாம் ஒரு கட்டுரையா"ன்னு சிரிக்காதீங்க. 2011 மே மாசம் அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையமே (சி.டி.சி.) ஜாம்பி வந்தா எப்படித் தயாரா இருக்கணும்னு ஒரு பதிவு போட்டாங்க. படிக்க வந்த கூட்டத்துல அந்தப் பக்கமே முடங்கிப் போச்சு. அவங்க சொல்ல வந்தது இதுதான்: ஜாம்பிக்கு ரெடியா இருக்கிறவன் புயலுக்கும் பூகம்பத்துக்கும் ரெடியா இருப்பான்.

ஆனா அவங்க கொடுத்தது பெரும்பாலும் பொருள் லிஸ்ட். அந்தப் பொருளை வெச்சுக்கிட்டு ஒரு கூட்டத்தை எப்படி நடத்துறது? அதுதான் இந்தப் பாடம்.

முதல்ல ஒரு தப்பான எண்ணம்

படங்கள்ல லீடர்னா கோடாரி வெச்சிருக்கிறவன். ஆனா ஜார்ஜ் ரொமேரோ எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) படத்தைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. அதுல வர்ற ஜாம்பிங்க ரொம்ப மெதுவா நடக்கும். வீட்டுக்குள்ள இருக்கிற ஏழு பேரோட பெரிய பிரச்சினை, மேல் தளமா நிலவறையாங்கிற சண்டை. பென் மேலதான்னு நிக்கிறான், கூப்பர் கீழதான்னு நிக்கிறான். ரெண்டு பேரும் ஒரு இஞ்ச் விட்டுக் கொடுக்கல. கடைசியில ஒவ்வொருத்தரா போனதுக்கு அப்புறம், பென் அந்த ராத்திரியைத் தாண்டுறதே அவன் வேண்டாம்னு சொன்ன அதே நிலவறையிலதான்.

அதனால லீடரோட முதல் வேலை வெளியே இருக்கிற ஜாம்பி இல்ல. உள்ளே இருக்கிற ஆளுங்க.

ஜாம்பியை வெச்சு நிஜ உதாரணம் கிடைக்காது. ஆனா வெளியே போகவே முடியாம மாட்டிக்கிட்டு, ஒருத்தர் கூட சாகாம மீண்டு வந்த ரெண்டு கூட்டம் இருக்கு. ஒண்ணு, சிலி நாட்டு சான் ஹோசே சுரங்கத்துல 2010-ல சிக்கின 33 பேர். இன்னொண்ணு, 1915-ல அண்டார்டிகா பனிக்கடல்ல கப்பலோட மாட்டின எர்னஸ்ட் ஷாக்கிள்டனோட 28 பேர் குழு. இவங்ககிட்ட இருந்துதான் பாடம்.

பாடம் 1: எண்ணு

2010 ஆகஸ்ட் 5. சுரங்கம் இடிஞ்சு சுமார் 700 மீட்டர் ஆழத்துல 33 பேர் அடைபட்டாங்க. புகலிட அறையில இருந்தது கிட்டத்தட்ட ரெண்டு நாளுக்கான சாப்பாடு. வெளியே இருக்கிறவங்களுக்கு இவங்க உயிரோட இருக்கிறதே தெரிஞ்சது 17 நாள் கழிச்சுதான். நடுவுல எப்படித் தாங்கினாங்க? இருக்கிறதை எண்ணிப் பங்கு போட்டாங்க. ஒரு ஆளுக்கு ஒண்ணு ரெண்டு ஸ்பூன் டூனா மீன், ஒரு வாய் பால், ஒரு துண்டு பிஸ்கட். அதுவும் போகப் போக 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை.

ஷிப்ட் சூப்பர்வைசர் லூயிஸ் உர்சுவா நில அளவை தெரிஞ்சவர். இருக்கிற இடத்துக்கு மேப் போட்டு, தூங்க ஒரு இடம், கழிப்பறைக்கு ஒரு இடம்னு பிரிச்சார்.

நம்ம லேப்ல? கதவைப் பூட்டின அடுத்த நிமிஷமே பேப்பர் எடுங்க. எத்தனை பேர், எத்தனை பாட்டில் தண்ணி, யார் பையில என்ன இருக்கு, யாருக்கு இன்ஹேலர் வேணும், எத்தனை போன்ல எவ்வளவு சார்ஜ். வீரமெல்லாம் அப்புறம்.

பாடம் 2: எண்ணினதை மறைக்காதே

இது நான் ஃபெயில் ஆன பாடம்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். நாங்க ஆறு பேர் பள்ளிக்கரணை பக்கம் ஒரு வீட்டு மாடியில வாடகைக்கு இருந்தோம். கீழ் வீட்டுல தண்ணி ஏறினதும் அந்தக் குடும்பமும் மேல வந்துட்டாங்க. அக்கா, அவங்க வீட்டுக்காரர், ரெண்டு குழந்தைங்க, ஒரு தாத்தா. மொத்தம் 11 பேர். கரண்ட் இல்ல, சிக்னல் இல்ல. ரூம் கணக்கு வழக்கு எல்லாம் நான் பார்க்கிறதால, எல்லாரும் என்னைத்தான் கேட்டாங்க: "தம்பி, தண்ணி இருக்கா?"

யாரும் பயப்படக் கூடாதுன்னு, "நிறைய இருக்குக்கா"ன்னு சொன்னேன். இருந்தது 20 லிட்டர் கேன் ரெண்டு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமாரா 4 லிட்டர் வெச்சுக்கச் சொல்றது சி.டி.சி. கணக்கு. 11 பேருக்கு 44 லிட்டர். என்கிட்ட இருந்தது 40. ஒரு நாளுக்கே பத்தாது. இன்ஜினியரிங் படிக்கிற நான் இந்தப் பெருக்கலைக் கூடப் போட்டுப் பார்க்கல.

நிறைய இருக்குன்னு நம்பி ஒருத்தன் முகம் கழுவினான், ஒருத்தன் ரெண்டு தடவை நூடுல்ஸ் போட்டான். மறுநாள் மத்தியானம் கேன்ல அடிமட்டம்தான் மிச்சம். சின்னப் பாப்பா தண்ணி கேட்டப்போதான் எல்லாருக்கும் தெரிஞ்சுது. யாரும் என்னைத் திட்டல. ஆனா அதுக்கு அப்புறம் நான் சொன்ன எதையும் யாரும் நம்பல. எதிர் வீட்டு மாடியில இருந்து, "சாயங்காலம் போட் வருது"ன்னு கத்திச் சொன்னாங்க. நான் அதை உள்ளே வந்து சொன்னேன். "நேத்தும் இப்படித்தான் சொன்ன"ன்னு ரெண்டு பேர் இடுப்பளவு தண்ணியில இறங்கிட்டாங்க. அடியில கிடந்த ஏதோ கிழிச்சு ஒருத்தன் கால்ல ஆறு தையல். போட் சாயங்காலம் வந்துச்சு.

நான் பொய் சொன்னது தண்ணி விஷயத்துல. அடிபட்டது அவன் கால்ல.

பாடம் 3: பங்கு எல்லார் கண்ணு முன்னாடி

ஷாக்கிள்டன் 1908-09-ல தென் துருவத்தை நோக்கிப் போனப்போ ஒரு வழி வெச்சிருந்தார். சாப்பாட்டைப் பங்கு போட்டதும் ஒருத்தன் திரும்பி நின்னுக்கணும். இன்னொருத்தன் ஒரு பங்கைக் காட்டி "இது யாருக்கு?"ன்னு கேட்பான். திரும்பி நிக்கிறவன் பார்க்காமலே பேர் சொல்லுவான். "அவனுக்கு மட்டும் பெருசு"ங்கிற பேச்சுக்கே இடமில்ல.

1915-ல கப்பலை விட்டு பனிமேல இறங்கினப்போ, கதகதப்பான ரோம ஸ்லீப்பிங் பேக் 18 தான் இருந்துச்சு. மிச்சம் 10 பேருக்கு கம்பளிப் பை. சீட்டுக் குலுக்கினாங்க. ஆனா பெரிய பதவியில இருந்தவங்களுக்குப் பெரும்பாலும் கம்பளிதான் வர்ற மாதிரி பார்த்துக்கிட்டாங்க. சுரங்கத்துலயும் இதே கதைதான். 69-வது நாள் மீட்புக் கூண்டுல மேல வந்த கடைசித் தொழிலாளி உர்சுவா. பிரியாணி பந்தியில கடைசியா உட்காருற ஆளைத்தான் லீடரா எடுக்கணும்.

பாடம் 4: எல்லாருக்கும் வேலை, எல்லாருக்கும் ஓட்டு

உர்சுவா தன்னோட வெள்ளை ஹெல்மெட்டைக் கழட்டி வெச்சுட்டு, இனிமே இங்க மேலதிகாரின்னு யாரும் இல்லைன்னு சொன்னார். முக்கியமான முடிவுகளை ஓட்டுப் போட்டு எடுத்தாங்க. வெளியுலகத் தொடர்பு கிடைச்சதும் 33 பேரும் 11, 11 பேரா மூணு குழுவாப் பிரிஞ்சு ஷிப்ட் போட்டு வேலை பார்த்தாங்க. முதலுதவிக்கு ஒருத்தர், பிரார்த்தனைக்கு ஒருத்தர்னு ஆளுக்கொரு பொறுப்பு. சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் பயம் அதிகம். எக்ஸாம் ஹாலுக்கு வெளியே நின்ன எல்லாருக்கும் இது தெரியும்.

பாடம் 5: குறை சொல்றவனை விரட்டாதே

எல்லா டீம்லயும் "இது வேலைக்கு ஆகாது"ன்னு சொல்ற ஒருத்தன் இருப்பான். ஷாக்கிள்டன் குழுவுல அது தச்சர் ஹாரி மெக்னிஷ். பனியில படகை இழுக்க மாட்டேன்னு ஒருநாள் நேராவே மறுத்தார். பின்னாடி ஆறு பேர் மட்டும் ஒரு சின்னப் படகுல, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல, உதவி தேடிக் கடல்ல போகணும்னு வந்தப்போ, அந்த ஆறுல ஒருத்தரா அவரையே கூட்டிட்டுப் போனார் ஷாக்கிள்டன். தீவுல விட்டா மத்தவங்க மனசும் உடையும், கூட இருந்தா கை வேலை உதவும். அந்தப் படகோட பக்கத்தை உயர்த்தி, மேல மூடி, அலையைத் தாங்க வெச்சது அதே மெக்னிஷ்தான்.

பாடம் 6: நம்பிக்கையை வேலையா மாத்து

ஷாக்கிள்டன் கிளம்பினதும் எலிஃபண்ட் தீவுல 22 பேர், கவிழ்த்துப் போட்ட ரெண்டு படகுக்கு அடியில, நாலு மாசத்துக்கு மேல இருந்தாங்க. பொறுப்பு ஃபிராங்க் வைல்ட். அவர் தினமும் காலையில, "பையைச் சுருட்டி வைங்க, பாஸ் இன்னிக்கு வரலாம்"ங்கிற அர்த்தத்துல சொல்லி எழுப்புவார். வெறும் ஆறுதல் வார்த்தை இல்ல, கூடவே ஒரு வேலையும் இருந்துச்சு. 1916 ஆகஸ்ட் 30 அன்னிக்கு பாஸ் நிஜமாவே வந்தார். 22 பேரும் உயிரோட இருந்தாங்க.

கடைசியா

அந்தப் புயல் நாள்ல நான் விட்ட பொறுப்பை எடுத்தது கீழ் வீட்டு அக்கா. என் நோட்டுல எல்லார் பேரையும் எழுதி, மிச்சத் தண்ணியை டம்ளர் கணக்குல ஊத்தி, பேருக்கு நேரா டிக் போட்டாங்க. முதல்ல குழந்தைங்க, அப்புறம் மாத்திரை போடுற தாத்தா. கடைசி டிக் அவங்களோடது. லீடர்ஷிப் செமினார் எதுக்கும் போனவங்க இல்ல. அந்தப் பக்கத்தை நான் இன்னும் கிழிக்கல.

ஜாம்பி வருமான்னு தெரியாது. அடுத்த வடகிழக்குப் பருவமழை கண்டிப்பா வரும். இன்னிக்கு ராத்திரி உங்க ரூம்ல எத்தனை லிட்டர் குடிதண்ணி இருக்கு, எத்தனை பேர் இருக்கீங்கன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. எண்ணினதை ரூம்மேட்கிட்ட அப்படியே சொல்லுங்க, கம்மியா இருந்தாலும்.