ஆற்காட்டுச் சீமை கும்பினியிடம் போன வழி

நம்பிக்கை: திருவண்ணாமலை, செங்கம், வந்தவாசிப் பக்கத்தை ஆங்கிலேயர் போரில் வென்று பிடித்தார்கள்.

போர்களுக்கு இங்கே குறைவில்லை. திருவண்ணாமலைக் கோயிலின் உயர்ந்த மதில்களே கோட்டைச் சுவர்போல் உதவியதால், படை நடத்தியவர்கள் எல்லோருக்கும் அண்ணாமலையார் ஊர் தேவைப்பட்டது. 1757இல் திருவண்ணாமலை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1760இல் ஆங்கிலேயர் அதை மீட்டார்கள். அதே ஆண்டு ஜனவரி 22 அன்று வந்தவாசியில் அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தார். 1767 செப்டம்பரில் மைசூரின் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்து வந்தபோது கர்னல் ஜோசப் ஸ்மித் செங்கத்தில் அவர்களோடு மோதினார். பிறகு படைக்கு அரிசி தேடித் திருவண்ணாமலைக்கு வந்தார். அந்த மாதக் கடைசியில் இங்கே நடந்த சண்டையிலும் அவருக்கே வெற்றி.

சரி, வென்ற பிறகு ஊர் யாருக்குப் போனது? ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்கு. வரி அவர் பெயரில் வசூலானது. கும்பினி, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, அதன் படை அவருக்குத் துணைப்படை, அவ்வளவுதான். ஸ்மித் வென்று 34 ஆண்டுகள் கழித்து, 1801 ஜூலை 31 அன்று கையெழுத்தான ஓர் உடன்படிக்கையில்தான் ஆட்சி கைமாறியது. அன்றைக்கு இந்தப் பக்கம் ஒரு குண்டும் வெடிக்கவில்லை. நம் பாடப்புத்தகங்கள் வந்தவாசிக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது அந்தக் காகிதத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

நம்பிக்கை: நவாப் சீமையைக் கும்பினிக்குத் தாரை வார்த்துவிட்டார்.

தாரை வார்ப்பது ஒரு நாள் வேலை. இது ஐம்பது ஆண்டுகள் நடந்தது.

1749இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். மகன் முகம்மது அலி திருச்சிக்குத் தப்பி ஓடினார். எதிரே நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் அவருக்குத் துணையாகப் பிரெஞ்சுக்காரரும். அன்றைக்கு முகம்மது அலிக்கென்று நிலையான படை இல்லை. கும்பினி படை கொடுத்தது. படைச்செலவு நவாப் கணக்கில் ஏறியது. கணக்கை அடைக்கப் பணம் இல்லை. 1763இல் செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராக, அதாவது வருவாய் மானியமாக, கொடுத்தார். அதன் பிறகும் கடன் வளர்ந்தது.

கடன் கொடுத்தவர்கள் பலரும் கும்பினியின் உத்தியோகஸ்தர்களே, சொந்தப் பணத்தில். பகலில் கும்பினி நாற்காலியில் உட்கார்ந்து நவாபிடம் பாக்கியைக் கேட்டவர்கள், அந்தப் பாக்கியை அடைக்க அவருக்கு வட்டிக்கும் கொடுத்தார்கள். பால் பென்ஃபீல்டு இப்படித்தான் பெரும் பணக்காரர் ஆனார். ஈடாக, இன்ன சீமையின் வரி இன்னாருக்கு என்று நவாப் எழுதிக் கொடுத்தார். நெல் அறுவடையாகும் முன்பே அதில் அரசுக்குரிய பங்கான மேல்வாரம் சென்னையில் ஒருவர் பெட்டிக்குள் போய்விட்டது. 1785இல் எட்மண்ட் பர்க் லண்டன் நாடாளுமன்றத்தில் இந்தக் கடன்களைப் பற்றியே நீண்ட உரை ஆற்றினார்.

நவாபைக் குற்றமற்றவர் என்று சொல்ல மாட்டேன். 1773இல் கும்பினிப் படையைக் கொண்டு தஞ்சாவூரைப் பிடித்தது அவருடைய பேராசை. ஆனால் 1792 உடன்படிக்கையைப் படித்துப் பாருங்கள். ஆண்டுக்கு 9 லட்சம் வராகன் படைச்செலவு; போர் வந்தால் சீமை நிர்வாகம் முழுவதும் கும்பினி வசம்; பாளையக்காரர்களிடம் கும்பினியே நேராக வசூலிக்கும். யாரைக் காப்பாற்றுவதாகச் சொன்னார்களோ அவர் கையில் அதன் பிறகு பட்டத்துக்கு மேல் அதிகம் மிச்சமில்லை.

1799இல் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும், நவாப் குடும்பம் திப்புவோடு இரகசியக் கடிதத் தொடர்பு வைத்திருந்ததாகக் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி குற்றம் சாட்டினார். 1801 ஜூலையில் அடுத்த நவாப் உம்தத்துல் உமரா இறந்தார். அவர் மகன் அலி ஹுசைன் கும்பினியின் நிபந்தனைகளை ஏற்க மறுத்துவிட்டார். மறுத்தவரை விட்டுவிட்டு, உறவினர் அசீமுத்தௌலாவை நவாப் ஆக்கினார்கள்; அவர் கையெழுத்திட்டார். நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு, ஆட்சி முழுவதும் கும்பினிக்கு. வேண்டாம் என்ற வாரிசை ஒதுக்கி, சரி என்றவரை உட்காரவைத்து வாங்கிய கையெழுத்தைத் தானம் என்று சொல்வது அநியாயம்.

நம்பிக்கை: துபாய், கத்தார், குவைத் எல்லாம் நம்மைப் போலவே வெள்ளைக்காரர் ஆண்ட நாடுகள்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் வேலைக்குப் போகும் நாடுகள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏடன் மட்டும் 1839இல் பம்பாயிலிருந்து போன படையால் பிடிக்கப்பட்டு, 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவோடு இருந்தது. மற்றவை, ஷேக்குகளின் நாடுகள், பிரிட்டிஷ் பாதுகாப்பில் மட்டும் இருந்தவை. ராஸ் அல் கைமா மீது பம்பாய்ப் படை போன பிறகு 1820இல் கடற்கொள்ளைக்கு எதிரான உடன்படிக்கை. 1853இல் நிரந்தரக் கடல் அமைதி. 1892இல் தங்கள் மண்ணை வேறு யாருக்கும் விற்பதில்லை, அடகு வைப்பதில்லை, வேறு அரசோடு தொடர்பு கொள்வதில்லை என்ற வாக்குறுதி. குவைத்தின் ஷேக் முபாரக் 1899இலும், கத்தாரின் ஷேக் அப்துல்லா 1916இலும் அதே வழியில் கையெழுத்திட்டார்கள். மேற்பார்வை பார்த்த பிரிட்டிஷ் ரெசிடெண்ட், 1946 வரை பாரசீகக் கரையில் புஷேரில் இருந்தவர்; 1947 வரை இந்திய அரசாங்கத்துக்குப் பதில் சொன்னவர்.

ஆற்காட்டில் நவாப் கும்பினிக்குப் பணம் கொடுத்தார். குவைத்திலோ ஷேக்குக்கு ஆங்கிலேயர் கொடுத்தார்கள், 15,000 ரூபாய். அந்தக் கரையில் நெல் வயலும் இல்லை, வரி வாங்க ரயத்தும் இல்லை. தேவைப்பட்டது இந்தியாவுக்கான கடல்வழியில் வேறு வல்லரசு நுழையாமல் இருப்பது. அதனால் வெளியுறவைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு சிம்மாசனத்தை விட்டுவைத்தார்கள். நம் பக்கம் பாலாற்று, செய்யாற்றுப் பாசனத்து நெல் இருந்தது. நவாப் சிம்மாசனம் தங்கவில்லை. இரண்டு இடத்திலும் உடன்படிக்கையின் நடை ஒன்றுபோலவே மரியாதையானது. நிலவரி எங்கே இருந்ததோ அங்கே ஆட்சியும் போனது. எண்ணெய் வரப்போகிறது என்று தெரிந்ததும் ஷேக்குகளிடமும், தங்கள் சம்மதமில்லாமல் எவருக்கும் உரிமம் கொடுப்பதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

1968இல் பிரிட்டன் வளைகுடாவை விட்டு வெளியேறப்போவதாக அறிவித்தபோது, அபுதாபியின் ஷேக் சயீத் படைச்செலவைத் தானே கொடுப்பதாகச் சொன்னார். முகம்மது அலி 1750களில் ஒப்புக்கொண்ட அதே ஏற்பாடு. லண்டன் இந்த முறை மறுத்துவிட்டது. 1971 டிசம்பர் 2 அன்று ஐக்கிய அரபு அமீரகம் பிறந்தபோது அதன் முதல் ஜனாதிபதி ஆனவர் அதே சயீத்.