தொட்டுப் பார்க்க முடியாத சரக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய இணையதளத்தைப் போனிலும் கணினியிலும் முழுசாகப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. ஆனால் இப்போது இருக்கிற நிலையில் அது ஜமக்காளம் விற்காது. இதைப் போனில் சொன்னால் "சரிங்க பெரியப்பா" என்று பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். உங்கப்பாவுக்கும் படித்துக் காட்டு.

முகப்பில் ஐந்து படங்கள் மாறி மாறி ஓடுகின்றன. பவானிக் கூடுதுறை, சங்கமேஸ்வரர் கோபுரம், தறி, உங்கப்பா பொன்னாடை வாங்குவது, கடைசியில் ஒரு ஜமக்காளம். வாங்க வந்தவர் சரக்கைப் பார்க்க நாலு படம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மாட்டார். அமெரிக்காவில் நோட்டர் டேம் பல்கலைக்கழகத் தளத்தில் இப்படி ஓடும் படங்களை எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்று எரிக் ரன்யன் என்பவர் 2013இல் கணக்கெடுத்தார். நூற்றுக்குச் சுமார் ஒருவர்தான் அழுத்தினார். அவர்களிலும் பெரும்பாலோர் தொட்டது முதல் படத்தை. ஆகவே ஐந்தையும் எடுத்துவிட்டு, விரித்துப் போட்ட ஒரே ஒரு ஜமக்காளத்தின் படத்தை வை. அதன் கீழே என்ன பொருள், யார் நெய்தது, என்ன விலையிலிருந்து தொடங்குகிறது என்று ஒரே வரி போதும். "எங்கள் இணையதளத்திற்குத் தங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்பது கல்யாணப் பத்திரிகைக்குச் சரி.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கடைக்கு வருகிறவர் ஜமக்காளத்தை எப்படி வாங்குகிறார் என்று நீ சின்ன வயதிலிருந்து பார்த்தவள். முதலில் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்குவார். புரட்டிப் பின்பக்கம் பார்ப்பார். மடிப்போடு தூக்கிக் கனம் பார்ப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்பவரும் உண்டு. அதற்கப்புறம்தான் வாய் திறப்பார்: எத்தனை பேர் உட்காரலாம், சாயம் போகுமா, மெஷினில் போடலாமா, அடுத்த சைஸ் என்ன விலை. உங்கப்பா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி முடிக்கும்போது அவர் பையை எடுப்பார்.

தளத்தில் அந்த விரல் இல்லை. விரலுக்குத் தெரிந்ததையெல்லாம் படமும் எழுத்தும் சொல்ல வேண்டும். இது ஒன்றைச் சரியாகச் செய்தால் மற்றதெல்லாம் ஒப்பனை.

எப்படி என்கிறாயா? ஒரு மூலையை மடித்து, பக்கத்தில் ஓர் ஐந்து ரூபாய் நாணயம் வைத்துக் கிட்டத்தில் படம் எடு. கனம் புரிந்துவிடும். பின்பக்கத்துக்குத் தனியாக ஒரு படம். அப்புறம் நாலு பேரை அதன்மேல் உட்காரவைத்து மேலிருந்து ஒரு படம். அளவை அடிக்கணக்கில் எழுதினால் பாதிப்பேருக்குக் கற்பனை வராது, ஆட்கள் உட்கார்ந்திருந்தால் உடனே வரும். படத்தைக் காலை வெளிச்சத்தில், வாசலில் எடு. டியூப்லைட்டுக்கடியில் எடுத்தால் சிவப்பு வேறு நிறமாகத் தெரியும். வாங்கியவர் திருப்பி அனுப்புவார், இரண்டு பக்கக் கூரியர் செலவும் உன் தலையில் விழும். பெரிய ஜமக்காளத்துக்குக் குழித்தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவை ஒருவருக்கொருவர் தள்ளிவிடுவதைச் சின்ன வீடியோவாக எடுத்துப் போடு. பாட்டு சேர்க்காதே, தறிச் சத்தம் அப்படியே இருக்கட்டும். நீ "எங்களைப் பற்றி" பக்கத்தில் எழுதியிருக்கும் மூன்று பத்திப் பாரம்பரியத்தை அந்த வீடியோ சுலபமாகச் சொல்லிவிடும்.

சாயம் போகுமா என்ற கேள்விக்கு உங்கள் சரக்கில் என்ன நடக்குமோ அதை அப்படியே எழுது. முதல் தடவை தனியாக நனைக்கணும் என்றால் தனியாக நனைக்கணும் என்றே எழுது. குறையை முன்கூட்டிச் சொல்கிற கடைக்காரனை ஜனங்கள் நம்புவார்கள்.

விலைக்கு வருவோம். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே "விலைக்குத் தொடர்பு கொள்ளவும்" என்று போட்டிருக்கிறாய். இது உங்கப்பா யோசனை என்று எழுதாமலே தெரிகிறது. பக்கத்துக் கடைக்காரர் விலையைப் பார்த்துவிடுவார் என்ற பயம். கண்ணு, அவருக்கு உங்கள் விலை ஏற்கெனவே தெரியும். தெரியாதவர் பெங்களூரில் உட்கார்ந்து பார்க்கிற ஆள்தான். விலை இல்லாத பக்கத்தைப் பார்த்தால் அவர் அதிகமாக இருக்கும் என்று நினைப்பார், இல்லையென்றால் ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள் என்று நினைப்பார். இரண்டிலும் போய்விடுவார்.

அனுப்பும் செலவையும் ஒளிக்காதே. ஜமக்காளம் கனமான சாமான். கூரியர் கட்டணம் கணிசமாக வரும். டென்மார்க்கில் பேமார்டு என்று ஓர் ஆய்வு நிறுவனம் பல வருஷமாக இணையக் கடைகளை மட்டுமே ஆராய்கிறது. கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்கள் நூற்றுக்கு எழுபது பேர் என்பது அவர்கள் கணக்கு. அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முன்னால் நிற்பது கடைசியில் திடீரென்று ஏறும் செலவு. பொருள் பக்கத்திலேயே பின்கோடு கேட்டு மொத்தத் தொகையைக் காட்டச் சொல். முடியாவிட்டால் தமிழ்நாட்டுக்கு இவ்வளவு, வெளிமாநிலத்துக்கு இவ்வளவு என்று எழுதிவிடு.

வாங்குவதற்கு முன் கணக்கு தொடங்கச் சொல்லி, கடவுச்சொல் கேட்கிறது உன் தளம். இதற்கு ஒரு கதை உண்டு. ஜேரட் ஸ்பூல் என்ற வடிவமைப்பு ஆலோசகர் 2009இல் எழுதியது. ஒரு பெரிய அமெரிக்கக் கடையில் இதே மாதிரிப் பதிவு செய்யச் சொல்லும் படிவம் இருந்தது. நான் வந்தது வாங்க, உங்களோடு உறவு கொண்டாட இல்லை என்கிற ரீதியில் ஜனங்கள் எரிச்சலானார்கள். பழைய வாடிக்கையாளர்களுக்கோ எந்த மின்னஞ்சல், எந்தக் கடவுச்சொல் என்பதே மறந்து போயிருந்தது. "பதிவு செய்க" பொத்தானை எடுத்துவிட்டுத் "தொடர்க" என்று வைத்தார்கள். கணக்கு கட்டாயமில்லை என்று ஒரு வரியும் சேர்த்தார்கள். முதல் வருஷத்தில் 30 கோடி டாலர் விற்பனை கூடியது என்று ஸ்பூல் எழுதியிருக்கிறார். உனக்கு அவ்வளவு வராது! ஆனாலும் பெயர், முகவரி, போன் நம்பர், யுபிஐ. இதற்குமேல் ஒன்றும் கேட்காதே.

உண்மையைச் சொன்னால், உன் முதல் ஆர்டர்கள் கூடை வழியாக வரப்போவதில்லை, வாட்ஸ்அப்பில்தான் வரும். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ஒரு வாட்ஸ்அப் பொத்தான் வை. அழுத்தினால் அந்த ஜமக்காளத்தின் பெயரும் அளவும் செய்தியில் தானாக எழுதியிருக்க வேண்டும். அந்த வசதிக்குக் காசு கிடையாது. மண்டபக்காரர்கள், கோயில்காரர்கள் மொத்தமாகக் கேட்பார்கள். அவர்களுக்கு நிறம் முக்கியமில்லை, எண்ணிக்கையும் தேதியும்தான். அவர்களைத் தனியாக ஒரு பக்கத்துக்கு அனுப்பு.

வேகம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேமராவிலிருந்து எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருக்கிறாய், ஒவ்வொன்றும் பல எம்பி. வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றிச் சிறிதாக்கு. பக்கத்தின் முக்கியமான படம் இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற அவர்களுடைய இலவசக் கருவியில் மொபைலுக்கான மதிப்பெண்ணைப் பார். கணினியின் மதிப்பெண்ணைப் பார்த்து ஏமாறாதே.

உன் வடிவமைப்பாளர் ஓடுகிற கடிகாரம் வைக்கலாம், "இன்னும் 2 மட்டுமே உள்ளது" என்று போடலாம் என்றாராமே. தறியில் மூன்று கிடக்கும்போது அப்படி எழுதுவது பொய். சட்டமும் விடாது. பொய்யான அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது உட்பட 13 ஏமாற்று உத்திகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்டுத் தடுத்திருக்கிறது. 2020இல் வந்த மின்வணிக விதிகளையும் ஒருமுறை படி. கடையின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, குறைதீர்க்கும் அலுவலர் பெயர் எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் போக வேண்டும். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் புதைக்காமல் இதைப் பளிச்சென்று போடு. முகவரி இருக்கிற கடை ஓடிப்போகாது என்று பார்க்கிறவர் நினைப்பார்.

பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு 2005-06இல் கிடைத்தது. அதைப் பயன்படுத்தும் பதிவு உங்கள் பெயரில் இருக்கிறதா என்று உங்கப்பாவிடம் கேட்டுவிட்டு அந்த முத்திரையைப் போடு. விசைத்தறிச் சரக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு படத்தோடு காட்டினால், விலை ஏன் கூட என்ற கேள்வி அங்கேயே அடங்கும்.

இதெல்லாம் முடிந்ததும் ஐந்து பேரைப் பிடி. உன் சிநேகிதிகள் வேண்டாம், பாராட்டுவார்கள். பக்கத்து வீட்டு அக்கா, பேங்க் மேனேஜர், பஸ் கண்டக்டர் மாதிரி ஆட்கள். போனைக் கையில் கொடுத்து, "ஆறு பேர் உட்காரும் ஜமக்காளம் ஒன்றை வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு விரலை மட்டும் பார். எங்கே நிற்கிறது, எங்கே திரும்பிப் போகிறது என்று குறித்துக்கொள். பெரிய தடுக்கல்களைக் கண்டுபிடிக்க ஐந்து பேர் போதும் என்று ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். உதவி செய்ய உனக்குக் கை துடிக்கும். செய்யாதே.

இத்தனை பேர் பார்த்தார்கள் என்று நீ அனுப்பிய எண்ணிக்கையில் எனக்கு அக்கறை இல்லை. அவர்களில் எத்தனை பேர் விலை கேட்டார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று வாரா வாரம் ஒரு நோட்டில் எழுதி வை.

இன்னொன்று. தொடர்புக்கு உங்கப்பா நம்பரைப் போட்டிருக்கிறாய். தறியில் இறங்கிவிட்டால் ராத்திரி வரைக்கும் அவன் போனைத் தொடமாட்டான் என்பது ஊருக்கே தெரியும். இன்றைக்கே உன் நம்பராக மாற்று.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
பெரியப்பா