சப்-வூஃபர் ஏன் இரைகிறது?

அன்புள்ள தம்பிக்கு,

பாட்டை நிறுத்திய பிறகும் சப்-வூஃபர் 'ம்ம்ம்' என்று இரைவதாகவும், கடைக்காரர் பெட்டியையே மாற்றச் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். அவசரப்படாதே. முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஆம்ப்பிலிருந்து வரும் ஆர்சிஏ வயரை சப்-வூஃபர் பக்கம் கழற்றிவிட்டு, சப்-வூஃபரை மட்டும் போட்டுப் பார். பின்னால் 'ஆட்டோ' ஸ்விட்ச் இருந்தால் 'ஆன்' பக்கம் தள்ளு. தள்ளாவிட்டால் சிக்னல் வராததால் அது தானே அணைந்துவிடும், நீ கோளாறு தீர்ந்தது என்று ஏமாந்துவிடுவாய்.

வயரில்லாமலும் இரைந்தால் கோளாறு பெட்டிக்குள்தான். மெக்கானிக்கிடம் கொடு. சத்தம் அடங்கிவிட்டால் பெட்டி நல்ல பெட்டி.

அப்படியானால் இரைச்சல் எங்கிருந்து வருகிறது? நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. சப்-வூஃபரும் ஆம்ப்பும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகியிருந்தால், அந்த இரண்டு எர்த்துக்கும் இடையே சிறு மின்னழுத்த வித்தியாசம் இருக்கும். ஆர்சிஏ வயரின் வெளிவலை இரண்டையும் இணைப்பதால் அதில் மின்னோட்டம் ஓடி, பாட்டோடு கலந்துவிடுகிறது. 50, 100 ஹெர்ட்ஸ் ஒலி சப்-வூஃபருக்கே உரிய பேஸ். அதனால்தான் சின்ன ஸ்பீக்கரில் தெரியாதது இதில் முழங்குகிறது.

ஆம்ப்புக்கு இரண்டு பின் ப்ளக்தானே, எர்த் ஏது என்று கேட்பாய். கேபிள் டிவி வயர் வழியாகவும் எர்த் வீட்டுக்குள் வரும். ஆர்சிஏவைத் திரும்பச் செருகி, செட்-டாப் பாக்ஸிலிருந்து அந்த வயரைக் கழற்றிப் பார். சத்தம் நின்றால் ஆள் அகப்பட்டான். அந்த வயருக்கென்றே, எர்த் இணைப்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் கிடைக்கிறது, வாங்கி மாட்டு.

நிற்காவிட்டால் டிவி, ஆம்ப், சப்-வூஃபர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகு. பெரும்பாலும் இதிலேயே குறைந்துவிடும். ஆர்சிஏ வயரில் மாட்டும் ஐசொலேட்டரைக் கடைசியாக வைத்துக்கொள். மலிவானவை ஆழமான பேஸைத் தின்றுவிடும்.

யாராவது எர்த் பின்னைப் பிடுங்கிவிடச் சொல்வார்கள். சத்தம் உண்மையிலேயே நிற்கும், அதனால் நம்பத் தோன்றும். செய்யாதே, தம்பி. உள்ளே கரண்ட் வயர் அறுந்து உலோகத்தில் பட்டால் பெட்டி முழுக்கக் கரண்ட் பாயும், ஆர்சிஏ வயர் வழியாக ஆம்ப்பிலும் ஏறும். வீட்டில் குழந்தை தொட்டால்? ப்ளக்கில் அந்த ஒரு பின் மட்டும் நீளமாக இருப்பதைப் பார்த்திருப்பாய். செருகும்போது எர்த் முதலில் சேரவும், பிடுங்கும்போது கடைசியில் விலகவும்தான் அந்த நீளம். பழைய வீடு என்பதால் சுவரில் எர்த் வயர் இருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடு.

கேபிள் வயரைக் கழற்றியதும் என்ன ஆயிற்று என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்