கல்கத்தாவில் பிறந்த திறப்பாட்டம்

கேள்வி: சதுரங்கத்தில் க்ரூன்ஃபெல்ட் தடுப்பாட்டம் என்ற திறப்பை முதலில் ஆடியவர் ஒரு வங்காளியா?

பதில்: ஆம். இன்று நமக்குக் கிடைக்கும் ஆட்டப் பதிவுகளில் அதை முதலில் ஆடியவர் மகேஷ் சந்திர பானர்ஜி. 1855-இல் கல்கத்தாவில், வழக்கறிஞர் ஜான் காக்ரேனுக்கு எதிராகக் கறுப்புக் காய்களுடன் ஆடினார். ஐரோப்பியர் சிப்பாய்களால் நடுப்பலகையைப் பிடிக்க முந்திய காலம் அது. பானர்ஜியோ நடுவை எதிரிக்கு விட்டுக்கொடுத்து, ஜி7 கட்டத்தில் பிஷப்பை நிறுத்தித் தொலைவிலிருந்து தாக்கினார். சிப்பாய் ஒரு கட்டமே நகர்ந்த நம் நாட்டின் பழைய சதுரங்கத்தில் பழகிய கைக்கு அது இயல்பு.

ஆனால் வென்றவர் காக்ரேன். 17-ஆம் நகர்வில் பானர்ஜி எஃப்7 கட்டத்தைக் காக்காமல் காக்ரேனின் பிஷப்பை வெட்டினார். உடனே வெள்ளைக் குதிரை எஃப்7-இல் பாய்ந்தது. அடுத்து இரட்டை செக், ஜி8-இல் ராணி பலி, மீண்டும் அதே குதிரையால் செக்மேட் என்ற வழி திறந்தது. கறுப்பு ராஜாவின் வழியை அடைத்தவை அதன் சொந்தக் காய்களே.

தோற்றது ஒரு கணக்கு, திறப்பு அல்ல. 1922-இல் அதை ஆடிய எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்டின் பெயர் நிலைத்தது. பானர்ஜியின் பெயரையும் சேர்த்தே நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.